பள்ளிக்கூடத்துக்கு வைத்த பாக்கு

ஆதரவு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். யாராவது மேடையேறி, "இந்த நல்ல காரியத்துக்கு எங்கள் பூரண ஆதரவு உண்டு" என்று ஆரம்பித்தால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். இதற்காக என் வீட்டுக்காரி என்னை எத்தனையோ முறை கடிந்திருக்கிறாள். கடியட்டும். பூரண ஆதரவு எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு மீசை சரியாக அடர்ந்திருக்கவில்லை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்து, வாத்தியார் பரீட்சையும் தேறி, சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் யூனியன் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போனேன். யூனியன் என்பது ஊர்க் காரியங்களைப் பார்க்க சர்க்கார் நியமித்த பஞ்சாயத்து. தெருக் கூட்டுவது, சாக்கடை வெட்டுவது, வீட்டு வரி தண்டுவது எல்லாம் அதன் பாடு. அதற்கு மேலே தாலுகா போர்டு. எங்கள் யூனியனுக்குச் சேர்மனாக இருந்தவர் அந்த ஊரிலேயே பெரிய பண்ணையார். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார், பேச்சு அதைவிட லட்சணமாக இருக்கும்.

பள்ளிக்கூடம் என்று பெயர்தான். பெரிய தெருவில் சேர்மனுடைய சித்தப்பா வீட்டுப் பழைய மாட்டுத் தொழுவம் அது. மாடுகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள், மாட்டு ஈக்கள் மட்டும் போக மறுத்துவிட்டன. மழை பெய்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லும். இதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஊருக்குத் தெற்கே ஒரு கால்வாய் ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் வயல்வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு. அக்கரை என்பார்கள். அக்கரைப் பிள்ளைகள் ஒன்றுகூட என் பள்ளிக்கூடத்தில் கிடையாது. தொழுவம் பெரிய தெருவில் இருந்தது, பெரிய தெருவுக்குள் அவர்கள் கால் வைக்கக் கூடாது. வரக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைக்கவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் வீட்டு வரி உண்டு. அதில் மட்டும் அக்கரை, இக்கரை என்ற பேதம் கிடையாது. வரி தண்டுகிறவர் கால்வாய்ப் பாலத்தின் இந்தப் பக்கம் குடையோடு நிற்பார். அவர்கள் வந்து காசை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். இவர் செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு செம்புத் தண்ணீரில் காசின் தீட்டுப் போய்விடும். பிள்ளைகளின் தீட்டுக்கு அந்த ஊர் ஆற்றில் தண்ணீர் போதவில்லை.

அக்கரையில் ஒருத்தி இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், வீடும் வரியும் அவள் பேரில் இருந்தன. நடவு வேலை செய்கிறவள். ஒருநாள் சாயங்காலம் நான் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தபோது வரப்பில் இறங்கி நின்று கேட்டாள்.

"அய்யா, எம்மவ உங்க பள்ளியோடத்துக்குப் பின்னால வயக்காட்டு வேலிக்கு அங்கன நின்னு பாட்டு கேட்டுட்டு வந்து வீட்டுல சொல்லுதா. அவளைச் சேத்துக்கிடுவீகளா?"

அது பாட்டு இல்லை, ஈரெட்டு பதினாறு. நான் சொன்னேன், "இப்ப முடியாதும்மா. பாலத்துப் பக்கத்துல புறம்போக்கு கிடக்குல்ல, அங்கன புதுக் கட்டடம் வரப்போவுது. வந்ததும் மொதப் பிள்ளையா ஓம் மவளைச் சேக்கேன்."

சும்மா ஆறுதலுக்குச் சொன்ன பேச்சில்லை. புதுக் கட்டடத்துக்குத் தாலுகா போர்டு பாதிச் செலவு தருவதாகச் சொல்லியிருந்தது. மீதிக்கு ஊரார் வீட்டு வரியோடு கொஞ்சம் கூட்டிக் கட்டச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை வரி கட்டுகிற எல்லாரிடமும் கேட்டு எழுதி அனுப்பும்படி யூனியனுக்கு உத்தரவு வந்திருந்தது. புறம்போக்கு எந்தத் தெருவையும் சேராத இடம். அங்கே கட்டினால் அக்கரைப் பிள்ளைகள் பெரிய தெருவை மிதிக்காமல் வந்துவிடலாம். அவ்வளவும் அந்தச் சம்மதம் ஒன்றில் இருந்தது.

சேர்மன் ஆதரவு தந்தார். அடேயப்பா, எப்படித் தந்தார். திருநெல்வேலியிலிருந்து சிவப்புத் தாளில் நோட்டீஸ் அச்சடித்து வந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் அதை வாசித்து, வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு அவசியம் என்று எடுத்துச் சொன்னார்கள். கோயில் விசேஷத்தில் பேசினார். படித்துறையில் ஈர வேட்டியோடு நின்று பேசினார். யூனியன் தமுக்கடிக்கிறவரை விட்டு எல்லாத் தெருவிலும் தமுக்கடித்துச் சொல்லச் செய்தார். தமுக்கடிக்கிறவர் அக்கரைக்காரர். பெரிய தெருவுக்கு வெளியே மூலையில் நின்று ஓங்கி அடித்துவிட்டு, தன் தெருவிலும் போய் அடித்தார்.

"வாத்தியாரே, இந்தப் பள்ளிக்கூடம் எழும்பலைன்னா எம் பேரை மாத்திக் கூப்பிடும்வே" என்று சேர்மன் என் முதுகில் தட்டினார். எனக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சம்மதத்தை எப்படி எடுப்பது என்று யோசனை வந்தது. கையைத் தூக்கச் சொன்னால் பண்ணையார் முகத்துக்காகத் தூக்குவார்கள், பிறகு வரி கேட்கும்போது தூக்கவில்லை என்பார்கள். அதனால் ஊர் வழக்கப்படி பாக்கு வைப்பது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் தட்டில் வைத்த பாக்கை எடுத்துவிட்டால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கல்யாணப் பேச்சானாலும், நிலப் பேச்சானாலும், பாக்கை எடுத்தவன் பின்வாங்கினால் அவனோடு பிறகு யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். வரி கட்டுகிற வீட்டுக்கு ஒரு கொட்டைப்பாக்கு வீதம் தட்டில் வைப்பது; சம்மதிக்கிறவர் வந்து ஒன்றை எடுத்துக்கொள்வது; கடைசியில் பாதிக்கு மேல் எடுபட்டிருந்தால் ஊர் சம்மதித்தது, பாதிக்கு மேல் கிடந்தால் சம்மதிக்கவில்லை. ஏற்பாடு எனக்கும் பிடித்திருந்தது.

கூட்டம் கோயில் முன்மண்டபத்தில். ஊர்க்கூட்டம் என்றால் அங்கேதான், வேறெங்கும் கூடியதே கிடையாது. நான் சேர்மனிடம் கேட்டேன், "அக்கரைக்காரங்க எங்கன நின்னு எடுக்கது?"

"பாலத்துக்கு அங்கன நிக்கட்டும்வே. அவங்க நம்ம ஆளுங்கதான, எங்க போயிரப் போறாங்க" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கூட்டத்தன்று யாராவது அங்கே தட்டைக் கொண்டுபோவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தாலும், பழைய சாதி உறவுமுறைகளை மனதில் வைத்து என்னைக் கீழ்ப்படி வரைக்கும் விட்டார்கள். வரி தண்டுகிறவர் வீடு வீடாகப் பேரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பாக்காகத் தட்டில் வைத்தார். அக்கரை வீடுகளையும் விடவில்லை. அந்த நடவுக்காரி வீட்டுக்கும் ஒரு பாக்கு வைத்தார். சர்க்கார் உத்தரவு, எல்லா வீட்டுக்கும் வைக்கத்தான் வேண்டும். பித்தளைத் தட்டு, கோயிலுடையது. அதைப் படிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் வைத்தார்கள்.

சேர்மன் முதலில் ஒன்றை எடுத்து எல்லாருக்கும் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். தச்சநல்லூரிலிருந்து வந்து கடை வைத்திருந்த அண்ணாச்சி எடுத்தார். இன்னும் பலபேர் எடுத்தார்கள், அதை மறுக்க மாட்டேன். எடுக்காமல் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். சேர்மனுடைய சித்தப்பா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"பாலத்துக்கிட்ட கட்டுனா அக்கரைப் பிள்ளையளும்லா வரும். அதுக படிச்சிட்டா நம்ம வயல்ல நாத்து நடுதது யாரு? நீரா வே, வாத்தியாரே?"

சிரித்தார்கள். சேர்மனும் சிரித்தார், கொஞ்சமாக, வாயில் பாக்கோடு.

எடுக்கிறவர்கள் எடுத்து முடித்தார்கள். வரி தண்டுகிறவர் தட்டில் மிச்சமிருந்ததை எண்ணினார். பாதிக்குச் சற்று மேலே கிடந்தது. சேர்மன் பெருமூச்சு விட்டார். "நம்மால ஆன மட்டும் பாத்தாச்சு. ஊர் மனசு இப்படி இருக்கு, என்ன செய்ய" என்றார்.

எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. "அய்யா, கிடக்கதுல அக்கரைப் பாக்கும் சேந்து கிடக்குல்லா?" என்று வரி தண்டுகிறவரிடம் கேட்டேன்.

"கிடக்கு."

"அவங்க இன்னும் எடுக்கலையே."

"எடுக்கலை. அதான வே கிடக்கு" என்றார் வரி தண்டுகிறவர்.

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது என்ற நிம்மதியோடு சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மண்டபத்துக்குள் வரக் கூடாதவர்களின் பாக்கை மண்டபத்துக்குள் வைத்து, அவர்கள் வந்து எடுக்கவில்லை, ஆகவே அவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று எண்ணி எழுதப் போகிறார்கள். மழை வெயில் பாராமல் தமுக்கடித்துக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்த மனுஷரின் பாக்கும் வேண்டாம் என்ற பக்கத்தில் கிடந்தது. சேர்மனைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்திருந்தது. புரிந்ததால்தான் அண்ணாந்து மண்டபத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முக்காலியிலிருந்து தட்டை எடுத்தேன். எடுத்துக்கொண்டு பெரிய தெரு வழியாகத் தெற்கே நடந்தேன். பின்னால் யாரோ "ஏலே, ஏலே" என்று கூப்பிட்டார்கள். வாத்தியாரே போய் ஏலே ஆகிவிட்டது. ஓடிவந்து பிடிக்க ஒருவருக்கும் துணிவில்லை, நான் போகிற திசை அப்படி.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆணும் பெண்ணுமாக அக்கரை மொத்தமும் நின்றது. காலையிலிருந்தே நிற்கிறார்கள். அன்றைக்கு ஒருவரும் வேலைக்குப் போயிருக்கவில்லை. தமுக்கடிக்கிறவர் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"அய்யா, மேல இருந்து இதுல போட்டுருங்க. நாங்க பொறக்கிக்கிடுதோம்."

"போட மாட்டேன். தட்டுலருந்து எடுக்கணும். அங்கன எல்லாரும் தட்டுலருந்துதான் எடுத்தாங்க" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோயில் தட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அடி வாங்கப் போவது நான் இல்லை. அப்போது அந்த நடவுக்காரி முன்னால் வந்தாள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, பைய ஒரு பாக்கை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் தமுக்கடிக்கிறவர். அப்புறம் ஒவ்வொரு வீடாக எல்லாரும். தட்டில் எடுக்காதவர்களின் பாக்கு மட்டும் மிஞ்சியது. அது பாதிக்கு வெகு கீழே நின்றது.

தட்டைத் திரும்பக் கொண்டுவந்து முக்காலிமேல் வைத்தேன். "எண்ணும்வே" என்றேன் வரி தண்டுகிறவரிடம்.

அவர் எண்ணவில்லை, எட்டி நின்றார். "தட்டு தீட்டுப் பட்டுட்டு" என்று சித்தப்பா எழுந்தார். அவ்வளவுதான். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்க நடந்தார்கள். ஊரே முங்கிக் குளித்தது. பாக்கு எடுத்தவர்களும் குளித்தார்கள், எடுக்காதவர்களும் குளித்தார்கள். அந்த ஊர் ஒருமனதாகச் செய்து நான் பார்த்த காரியம் அது ஒன்றுதான்.

சேர்மன் கடைசியாகப் போனார். போகும்போது என் பக்கத்தில் நின்று, வருத்தமாகவே சொன்னார். "நல்லாத்தான வே போய்க்கிட்டிருந்துச்சு. நீர் கெடுத்துட்டீரே. நான் இதுக்கு எவ்வளவு ஆதரவா இருந்தேன்."

இன்றைக்கும் சிலர் என்னிடம் அதையேதான் சொல்கிறார்கள். கொஞ்சம் பொறுத்திருக்கலாம், தன்மையாகப் பேசியிருக்கலாம் என்கிறார்கள். யாரிடம் பேசுவது? கணக்கு முடிந்து, பெருமூச்சும் விட்டு முடிந்த பிறகு தன்மையாகப் பேச என்ன இருக்கிறது? நான் கெடுக்கவில்லை. கெட்டுப்போனதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினேன், அவ்வளவுதான்.

தீட்டுப் பட்ட கூட்டம் செல்லாது என்று ஆகிவிட்டது. ஊர் சம்மதம் கிடைக்கவில்லை என்று சேர்மன் தாலுகா போர்டுக்கு எழுதினார். எனக்கு வேலை போயிற்று. தமுக்கடிக்கிறவரைச் சித்தப்பாவின் ஆட்கள் வயலில் வைத்து அடித்தார்கள், தட்டைத் தொட்டதற்காக. நடவுக்காரிக்கு அந்தப் பருவம் ஒரு வயலிலும் நடவு கொடுக்கவில்லை. அதோடு நின்றதா? பெரிய தெருவுக்கு விளக்குத் தூண் நடவேண்டும் என்று யூனியன் வீட்டு வரியைக் கூட்டியது. அதற்குப் பாக்கு வைக்கவில்லை, கூட்டம் போடவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. தமுக்கடிக்கிறவர் வீங்கிய கையோடு போய் அதையும் தமுக்கடித்துச் சொன்னார். தாங்கள் கால் வைக்க முடியாத தெருவின் விளக்குக்கு அக்கரைக்காரர்கள் காசைக் கல்லின்மேல் வைத்தார்கள். தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டார்கள்.

நான் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினேன். பாலத்துக்கிட்டே அந்த நடவுக்காரி நின்றிருந்தாள்.

"எங்க போறீக?"

"பாளையங்கோட்டைக்கு. இங்கன இனி எனக்கென்ன இருக்கு? அந்தக் கூட்டம் செல்லாதுன்னுட்டாங்கம்மா."

"அவுகளுக்குச் செல்லாம இருக்கும். நாங்க பாக்கு எடுத்தாச்சுல்லா?" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது, வாக்குக் கொடுத்த பிறகு இவர் எங்கே போகிறார் என்பது போல.

அவளுக்குப் பின்னால் அக்கரையில் பார்த்தேன். மண் குழைத்துக்கொண்டிருந்தார்கள். ஓலை வந்து குவிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கென்று கூட்டிக் கட்டச் சம்மதித்ததை, யூனியன் கேட்காவிட்டாலும், வீட்டுக்கு வீடு நெல்லாகக் கொண்டுவந்து தமுக்கடிக்கிறவர் வீட்டில் வைத்திருந்தார்கள். நான் பெட்டியை அங்கேயே இறக்கினேன். மண்சுவர் எழும்பி ஓலை வேய்ந்ததும், சொன்னபடி அவள் மகளை முதல் பிள்ளையாகச் சேர்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் என் கோபமும் ஒருவாறு ஆறியிருக்கும். அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் வந்தார். வந்தவருக்கு முன்னால் சேர்மன் நடந்து வந்தார், பட்டுக்கரை அங்கவஸ்திரத்தோடு. எங்கள் யூனியன் எல்லையில் ஏழைப் பிள்ளைகளுக்காக நாங்கள் ஆதரித்து வளர்க்கிற பள்ளிக்கூடம் என்று அவர் மேலே எழுதியிருந்தாராம். பாலத்தைத் தாண்டி வந்து, கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நின்ற இடத்திலிருந்தே பேசினார். கல்விக்கண் என்றார், பூரண ஆதரவு என்றார். என் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பேசி முடித்ததும் நடவுக்காரி ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். புதுத் தட்டு. அதில் வெற்றிலையும் ஒரே ஒரு கொட்டைப்பாக்கும் இருந்தன. சேர்மன் முன்னால் நீட்டினாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். சேர்மன் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்யப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"அங்கன வைம்மா. பொறவு எடுத்துக்கிடுதேன்" என்றார்.

அவள் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல் சொன்னாள்.

"அய்யா எழுதிக்கிடுங்க. எசமான் எடுக்கலை. எடுக்கலைன்னா வேண்டாம்னுதான் கணக்கு. மண்டபத்துல அன்னைக்கு அப்படித்தான் எண்ணுனாவ."

அந்தப் பாக்கை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வயலுக்குப் போனாள்.